உன் ஊரில் உதிக்காத அகத்தியர்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

போன வாரம் எடின்பரோவிலிருந்து போனில், "எங்கே இருந்தா என்னப்பா, அதே நிலா, அதே நட்சத்திரம்தானே" என்றாய். நானும் ஆமாம் போட்டுவிட்டேன். அப்புறம் யோசித்தால், நிலா சரி. நட்சத்திரத்தில் நீ சொன்னது தப்பு.

இங்கே சிங்கப்பூரில் நேற்று ராத்திரி பத்து மணிக்கு, மறந்துபோன துணியை எடுக்கக் காரிடாருக்கு வந்தேன். மூன்று நாளாக மழை இல்லை. தெற்கே உச்சிக்குக் கொஞ்சம் கீழே சிரியஸ் என்ற விண்மீன். அதிலிருந்து நேராகக் கீழே இறங்கினால், எதிர் பிளாக் மொட்டை மாடிக்கு மேலே இன்னொன்று. இத்தனை தெருவிளக்கு வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிந்தது. அதுதான் அகத்தியர். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் கனோப்பஸ். கையில் ஈரம் காயாத உன் அம்மாவின் புடவையோடு பத்து நிமிடம் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து சத்தம் வந்த பிறகுதான் போனேன்.

இரவு வானில் பிரகாசத்தில் முதலிடம் சிரியஸுக்கு, இரண்டாமிடம் இதற்கு. ஆனால் அந்த முதலிடம் பக்கத்தில் இருப்பதால் கிடைத்தது; சிரியஸ் 8.6 ஒளியாண்டு, அதாவது ஒளி அத்தனை வருடம் பயணிக்கும் தூரம்தான். அகத்தியர் சுமார் 310. நேற்று நான் பார்த்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது, இங்கே ஆங்கிலேயர் துறைமுகத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் வந்து இறங்க இன்னும் நூறு வருடம் இருந்தது! சூரியனைப் போல 10,000 மடங்குக்கு மேல் ஒளி, 70 மடங்கு குறுக்களவு. சூரியன் இருக்கும் இடத்தில் இதை வைத்தால் கிட்டத்தட்ட புதன் சுற்றும் பாதை வரை வந்துவிடும். மையத்தில் இருந்த ஹைட்ரஜன் தீர்ந்து உப்பிப்போன ராட்சத விண்மீன்.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் ஓமான் மாலுமி ஒருவர் இதைக் காட்டி "சுஹைல்" என்றார். நம் பிளாக்கிலேயே அந்தப் பெயரில் ஒரு பையன் இருக்கிறான், ஞாபகம் இருக்கிறதா? சீனர்களுக்கு இது தென்திசைக் கிழவர், நீண்ட ஆயுள் தரும் தெய்வம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு கொடுக்கக் கூப்பிட்டபோது அவர் அலமாரியில் பார்த்தேன்: புடைத்த நெற்றி, வெள்ளைத் தாடி, ஒரு கையில் தடி, இன்னொரு கையில் பீச் பழம். சின்ன வயதில் நீ "மொட்டைத் தாத்தா" என்பாயே, அவரேதான். இத்தனை வருடம் அகத்தியர் பக்கத்து வீட்டில் குடியிருந்தது எனக்குத் தெரியவில்லை.

1964இல் செவ்வாய்க்குக் கிளம்பிய மரைனர் 4 விண்கலமும் திசை பிசகாமல் இருக்க இதைத்தான் பிடித்துக்கொண்டது. அதுவும் சுலபமாக இல்லை. முதலில் வேறு வேறு விண்மீன்களை இதுதான் என்று பிடித்து ஏமாந்து, ஒரு நாளுக்கு மேல் தேடிய பிறகுதான் சரியானது அகப்பட்டது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம். தேக்காவில் நான் வழி தவறினால் நீ சிரிப்பாயே, அதனால்.

சிவன் கல்யாணத்துக்கு எல்லாரும் கயிலைக்குப் போய் வடக்கு தாழ்ந்துவிட்டதாம். எடையைச் சமன்செய்யத்தான் அகத்தியரைத் தெற்கே பொதிகைக்கு அனுப்பினார்களாம். அப்பத்தா சொன்ன கதை. எடின்பரோவில் நீ ஒருத்தி. இங்கே நானும் அம்மாவும். எடை கணக்கு எனக்குச் சரியாக வரவில்லை.

நீ இருக்கிற 56 பாகை வடக்கில் அகத்தியர் உதிப்பதே இல்லை. மிக உயரே வரும் நேரத்திலும் உன் அடிவானத்துக்குக் கிட்டத்தட்ட 19 பாகை கீழேயே நின்றுவிடுவார். மலை மேல் ஏறினாலும் தெரியாது. அதனால் வீண் முயற்சி செய்யாதே, குளிரில் வெளியே நிற்காதே.

டிசம்பர் கடைசியில் நீ வரும்போது ராத்திரி ஒரு மணிவாக்கில் நேர் தெற்கே இருப்பார். மழைக்காலம், மேகம் விட்டால்தான் உண்டு. விமானத்தில் வந்த தூக்கக் கலக்கத்தில் நீ எப்படியும் விழித்துத்தான் இருப்பாய். நான் மைலோ கலக்கிவைக்கிறேன்.

கம்பளிச் சாக்ஸ் போதுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பதில் போடு.

அன்புடன்,
அப்பா