வெடிக்காத குண்டின் கதையைத் தமிழில் தாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

சரித்திர நாடகம் என்றால் அரண்மனையும் மகுடமும் வாளும் குதிரையும் என்று நம் தொலைக்காட்சிகள் எங்களைப் பழக்கி வைத்திருக்கின்றன. அப்படியல்லாத ஒரு பழைய பிரித்தானியத் தொடரைத் தங்கள் வாசகர்களுக்கு, முக்கியமாகத் திருகோணமலை மாவட்டத்தவருக்கு, அறிமுகப்படுத்தவே இக்கடிதம். பெயர் ‘டேஞ்சர் யூ.எக்ஸ்.பி.’. யூ.எக்ஸ்.பி. என்பது வெடிக்காத குண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். 1979 ஜனவரியில் ஐ.ரி.வி.யில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. 13 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். இரண்டாவது பருவம் எடுக்கப்படவில்லை. இதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோன் ஹோக்ஸ்வேர்த்தின் மற்றத் தொடர்களை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. நாயகனாக நடித்த அந்தனி அன்ட்ரூஸ் இரண்டு ஆண்டுகளின் பின் வேறொரு தொடரால் பெரும் புகழ் பெற்றார். இடையில் வந்த இத்தொடரைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு.

கதை 1940 செப்டெம்பரில் இலண்டனில் தொடங்குகிறது. இரவு இரவாக ஜெர்மன் விமானங்கள் குண்டு போடுகின்றன. விழுந்ததில் ஒரு பங்கு வெடிக்காமல் மண்ணுக்குள் போய்விடுகிறது. அதைத் தோண்டி எடுத்துச் செயலிழக்கச் செய்வது இராணுவப் பொறியியலாளர் படையின் வேலை. பிரையன் ஆஷ் என்ற இளம் லெப்டினன்ட் ஒரு பிரிவைப் பொறுப்பேற்க வருகிறான். முன்பு அந்த நாற்காலியில் இருந்த அதிகாரி குண்டோடு போய்விட்டார். ஆஷுக்கு இந்த வேலையில் பயிற்சி இல்லை. அன்று எவருக்கும் பெரிதாக இருக்கவும் இல்லை. அவன் கற்றுக்கொள்ளும் வரிசையிலேயே நாமும் கற்றுக்கொள்கிறோம். தொடரின் பலம் இதுதான்.

பார்க்குமுன் ஒன்றிரண்டு விடயங்களைத் தெரிந்துகொண்டால் ஒவ்வொரு காட்சியும் நெஞ்சைப் பிடிக்கும். தெரியாவிட்டால், ஒருவன் கிடங்குக்குள் குந்திக்கொண்டு இரும்பைத் தடவுவது போலத்தான் இருக்கும். இத்தொடரைப் பாதியில் நிறுத்துபவர்கள் இங்கேதான் நிறுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

குண்டை வெடிக்கச் செய்யும் பொறிதான் பியூஸ். ஜெர்மன் குண்டில் அது மூக்கில் இல்லை. பக்கவாட்டில், உடலுக்குக் குறுக்கே செருகிய ஒரு குழாய்க்குள் இருக்கும். அதன் தலை, வெளியே தெரியும் ஒரு வட்டத் தகடு. அதில் இரண்டு சிறிய ஊசிமுனைகள், நடுவில் வட்டமிட்ட ஓர் இலக்கம். விமானத்திலிருந்து குண்டு விடுபடும் கணத்தில் அந்த முனைகள் வழியாக மின்சாரம் உள்ளே ஏறி, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கொள்ளளவியில் தங்குகிறது. நிலத்தில் மோதும்போது உள்ளே உள்ள மெல்லிய கம்பிச் சுருள் அதிர்ந்து தொடுப்பை மூடினால் வெடி. வெடிக்காமல் கிடக்கிறது என்றால் அந்த மின்சாரம் இன்னும் உள்ளே இருக்கலாம் என்று பொருள்.

ஆகவே ஆஷ் குழிக்குள் இறங்கியதும் முதலில் சேற்றைத் துடைத்து இலக்கத்தைப் பார்க்கிறான். 15 என்றால் மோதியதும் வெடிக்க வேண்டியது. முனைகளை அழுத்தி மின்சாரத்தை வடியவிட ஒரு சிறு கருவி இருக்கிறது. அதை வைத்தபின், பியூஸைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருகிக் கழற்றி, கயிறு கட்டித் தூர நின்று இழுக்கலாம். 17 என்றால் உள்ளே மணிக்கூடு. விழுந்த நேரத்திலிருந்து 72 மணித்தியாலம் வரை எப்போதும் வெடிக்கலாம். காதுக்கருவி வைத்துக் கேட்டு, ஓடுகிறது என்றால், பாரமான மின்காந்தத்தைக் குண்டோடு பொருத்தி அதை நிறுத்த வேண்டும். 50 என்றால் அது ஆளைக் கொல்ல வைத்தது. விழும்போது வெடிக்காது, விழுந்தபின் தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்டு, எவராவது மெல்லத் தட்டினாலே வெடிக்கும்.

இப்போது ஒரே குண்டில் 17 உம் 50 உம் இருந்தால் என்ன செய்வது என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று, ‘நேரமில்லை, கெதியாகச் செய்’ என்கிறது. மற்றது, ‘அசைக்காதே’ என்கிறது. மணிக்கூட்டை நிறுத்தக் காந்தத்தைப் பொருத்தினால் அந்த அதிர்விலேயே 50 வெடித்துவிடும். முதலில் 50ஐ அடக்க வேண்டும், அதுவரை 17 ஓடிக்கொண்டிருக்கும். இந்த முடிச்சைப் புரிந்துகொண்டவருக்கு, ஆஷ் ஒரு வார்த்தையும் பேசாமல் பியூஸ் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சில விநாடிகள் போதும்.

இன்னொரு பொறி, ஸூஸ் 40. இது 17க்குக் கீழே ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். வெளியே எந்த அடையாளமும் இல்லை. மேலே உள்ள பியூஸை இழுத்ததும் கீழே உள்ள வில் விடுபட்டு ஊசி, பிரதான வெடிமருந்தைத் தூண்டும் சிறு வெடியான டெட்டனேட்டரில் அடிக்கும். இது தெரியாமல் பலர் இறந்தார்கள். 1940 செப்டெம்பர் 2ஆம் திகதி வேல்ஸ் நாட்டு லண்டார்சி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், பக்கத்துத் தாங்கிகள் எரிந்துகொண்டிருக்க, லெப்டினன்ட் பேர்ட்ராம் ஆர்ச்சர் ஒரு குண்டுக்குள்ளிருந்து இந்தப் பொறியை முழுதாக வெளியே கொண்டுவந்தார். பின்னர் அவருக்கு ஜோர்ஜ் சிலுவை விருது கிடைத்தது. நாடகம் கற்பனைப் பாத்திரங்களைக் கொண்டது. ஆனால் இப்படியான நிஜ வேலைகளின் மேல்தான் நிற்கிறது. அந்தப் படைப்பிரிவில் பணிசெய்த ஓர் அதிகாரியின் நினைவுக்குறிப்புகள் இதற்கு ஆதாரம்.

தோண்டும் காட்சிகளைத் தாண்டிப் போய்விட வேண்டாம். குண்டு நேரே கீழே இறங்குவதில்லை; மண்ணுக்குள் வளைந்து, சிலவேளை மேல்நோக்கித் திரும்பியும் நிற்கும். இருபது, முப்பது அடி தோண்டிய பிறகும் இல்லை என்றால், பக்கவாட்டில் தேட வேண்டும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், மணல் தரையில் சுவர் நிற்காது. இலண்டனில் பலகையும் குறுக்குச் சட்டமும் அடித்து அடித்துத்தான் இறங்குகிறார்கள். சுத்தியலால் அறைந்தால் கீழே இருக்கும் குண்டுக்கு அது கேட்கும். அறையாமல் விட்டால் மேலே இருக்கும் மண் சரியும். சாதாரணச் சிப்பாய்கள் மண்வெட்டியும் வாளியுமாகச் செய்யும் இந்த வேலைக்கு, அதிகாரி பியூஸ் கழற்றும் வேலைக்குக் கொடுத்த அதே நேரத்தைத் தொடர் கொடுக்கிறது. மோரிஸ் ரோவ்ஸ் நடித்த சார்ஜன்ட் ஜேம்ஸ் அதிகம் பேசாமல் அந்தப் பிரிவையே தாங்குகிறார். அக்காலப் பிரித்தானிய நாடகங்கள் பெரும்பாலும் ஸ்ரூடியோவுக்குள் வீடியோ நாடாவில் எடுக்கப்பட்டன. இதை எடுத்த யூஸ்டன் பிலிம்ஸ் நிறுவனம் வெளியிடங்களில் 16 மில்லிமீற்றர் பிலிமில் எடுத்தது. சேறு சேறாகவே தெரிகிறது.

திருகோணமலைக்கு இத்தொடரோடு என்ன உறவு என்று கேட்கலாம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. ஒரு விமானம் சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் விழுந்து எரிந்தது. இன்றும் அங்கே காட்டுக்குள் 99 தாங்கிகள் நிற்கின்றன. அது தாத்தா, பாட்டி காலத்துப் போர். எங்கள் காலத்துப் போர் விட்டுப்போன மிதிவெடியும் ஷெல்லும் மூதூர், வெருகல் பக்கத்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர் முடிந்தது என்று அறிவித்த பின்னரும் மண்ணுக்குள் முடியாமல் கிடப்பதைப் பற்றிய நாடகம் இது. அதனால்தான் வேறு ஊரவரைவிட நாங்கள் இதை நன்றாகப் புரிந்துகொள்வோம் என்று நம்புகிறேன்.

பார்க்கும் முறை பற்றி. முதல் மூன்று அத்தியாயங்களைத் தொடர்ந்து பாருங்கள். பிரிவின் ஆட்களின் முகமும் பெயரும் மனதில் பதிய அவ்வளவு வேண்டும். நேரமில்லாதவர்கள் பிறகு 9, 10, 12 ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். ஒன்பதாவது, பரசூட்டில் இறங்கிய கடற்கண்ணிகளைப் பற்றியது. கடலுக்கென்று செய்த ஆயுதம் என்பதால், தரையில் விழுந்தாலும் அதைக் கழற்றுவது கடற்படையின் பொறுப்பு. அதன் மணிக்கூடு மறுபடி ஓடத் தொடங்கினால் ஓடித் தப்பக் கிடைப்பது சுமார் 17 விநாடி. அந்த அத்தியாயத்தின் தலைப்பிலேயே அந்த 17 விநாடி இருக்கிறது.

பத்தாவதை எல்லாப் பெற்றோரும் பார்க்க வேண்டும். ‘வண்ணத்துப்பூச்சிக் குண்டு’ என்பது ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள சிறு குண்டு. ஒரு கொள்கலனுக்குள் பலவாக அடைத்துப் போடுவார்கள். விரிந்து விழும்போது வெளி உறை திறந்து சிறகு போலாகிச் சுழலும். அந்தச் சுழற்சியே பியூஸை முடுக்கும். கூரையிலும் வேலியிலும் மரக்கிளையிலும் தொங்கும். ஒரு வகை விழுந்ததும் வெடிக்கும், ஒரு வகை நேரம் கழித்து, இன்னொரு வகை தொட்டால். எது எதுவென்று வெளியிலிருந்து பார்த்து நம்பி எடுக்க முடியாது. கழற்றவே முயலாமல் கிடந்த இடத்திலேயே வெடிக்க வைப்பதுதான் ஒழுங்கு. சிறுவர் கையில் எடுக்கத் தோன்றும் வடிவம் அது. வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் இங்கே நிறுத்திச் சொல்லுங்கள்: தெரியாத இரும்பைத் தொடக்கூடாது, கல்லால் எறியக்கூடாது, வந்த வழியாலேயே திரும்பி வந்து பெரியவருக்கோ பொலிசுக்கோ சொல்ல வேண்டும். தொடரில் உளியும் சுத்தியலும் வைத்து வேலை செய்யும் காட்சிகள் இருக்கின்றன. அவை 1940இன் வறுமை. இன்று கண்ணிவெடி அகற்றும் பணியாளர் எவரும் அப்படிச் செய்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாவது, கடலுக்குள் நீளும் மரப்பாலத்தைப் பற்றியது. எதிரி வந்து இறங்கிவிடுவான் என்ற பயத்தில் பிரித்தானியர் தங்கள் கடற்கரையிலேயே கண்ணிவெடி புதைத்தார்கள். மணல் நகர்ந்தது, குறிப்புகள் பொருந்தவில்லை. புதைத்தவனுக்கே எடுக்கத் தெரியாத நிலை வந்தது. நோர்போக் மாவட்டத்தில் ஒரு கடற்கரை 1972இல்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆஷுக்கு அந்த அத்தியாயத்தில் நடப்பதை இங்கே எழுதமாட்டேன். அதைத் தனியே, மறுநாள் வேலையில்லாத இரவில் பாருங்கள்.

குறைகளும் உண்டு. விஞ்ஞானி கில்லெஸ்பியின் மகள் சூசனோடு ஆஷின் காதல் நடு அத்தியாயங்களில் கதையை மெதுவாக்குகிறது. ஜூடி கீசனின் நடிப்பில் குறையில்லை, எழுத்தில்தான். பெண்கள் பெரும்பாலும் காத்திருப்பவர்களாகவே வருகிறார்கள். நம் வடக்கில் முழங்காலில் இருந்து மண்ணைக் கீறிக் கீறி மிதிவெடி எடுக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய வெற்றிடமாகத் தெரியும்.

ஒலி பற்றி ஒரு வார்த்தை. பியூஸ் கழற்றும் இடங்களில் பெரும்பாலும் பின்னணி இசை இல்லை. மூச்சு, உலோகம் உரசும் சத்தம், மணிக்கூட்டின் ‘டிக்’ மட்டும். மின்விசிறி ஓடும் அறையில், தொலைக்காட்சியின் சிறிய ஒலிபெருக்கியில் அது காணாமற்போய்விடும். காதில் மாட்டும் ஹெட்போனோடு பாருங்கள், அல்லது விசிறியை நிறுத்துங்கள். சிப்பாய்களின் இலண்டன் பேச்சு வேகமானது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கும் முதல் இரு அத்தியாயங்கள் சிரமம். டீ.வீ.டீ. தொகுப்பாக வெளிவந்திருக்கிறது, ஆங்கில எழுத்து கீழே ஓடும் பதிப்புக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

நம் தமிழ்த் தொலைக்காட்சி நிலையங்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் குரல் சேர்த்துப் போடும்போது இதையும் கருத்தில் எடுங்கள். 13 அத்தியாயம் என்பது வாரம் ஒன்றாக மூன்று மாதம். குரல் கொடுப்பவர்கள் ‘பியூஸ்’, ‘டெட்டனேட்டர்’ போன்ற சொற்களைத் தமிழாக்க முயலாமல் அப்படியே விடட்டும். ‘மிதிவெடி’ என்பதை மிதிவெடி என்றே சொல்லட்டும், எங்கள் சனத்துக்கு அதுவே புரியும். பியூஸ் கழற்றும் இடங்களில் இல்லாத இசையைச் சேர்க்காமல் விடுவது மிக முக்கியம். நிலையங்கள் முன்வரும்வரை, பொதுநூலகத்திலோ பாடசாலை மண்டபத்திலோ ஏப்ரல் 9ஆம் திகதி முதலாம் அத்தியாயத்தையும் பத்தாம் அத்தியாயத்தையும் உரியவர்களின் அனுமதி பெற்றுத் திரையிடலாம். தொடங்குமுன் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்த ஒருவரைக் கொண்டு கால் மணித்தியாலம் பேசச் செய்தால், 15, 17, 50 என்ற மூன்று இலக்கங்களையும் பலகையில் எழுதிக் காட்டினால், மாணவர்கள் ஒரு காட்சியையும் தவறவிடமாட்டார்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.