வரி கட்டத் தயார், வழியைச் சொல்லுங்கள்: நேரடி வரிகள் வாரியத்துக்கும் ரிசர்வ் வங்கிக்கும் ஒரு திறந்த மடல்

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அதிகாரிகளுக்கும் இந்திய ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணித் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தேர்வில் தேறுபவர்களுக்குத் தங்கள் கணக்கைக் கொடுத்து ட்ரேட் செய்ய விடுபவை வெளிநாட்டு ப்ராப் நிறுவனங்கள். அவற்றில் அப்படியொரு கணக்கை, அதாவது ஃபண்டட் அக்கவுண்டை, எடுத்து ட்ரேட் செய்து, லாபப் பங்கை டாலரில் பேஅவுட்டாக வாங்கும் இந்தியர்களில் நானும் ஒருவன். இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சேலஞ்சு என்ற தேர்வுக்கு ஒரு கட்டணம், நிஜப் பணம் இல்லாத டெமோ கணக்கில் அந்தத் தேர்வு, தேறினால் லாபத்தில் பெரும்பங்கு. தேறிய பிறகும் பல நிறுவனங்களில் கணக்கு டெமோவாகவே இருக்கும். அப்போது நாங்கள் சொந்தப் பணத்தில் டாலரையோ யூரோவையோ வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை.

நான் கேட்பது ஒரு சுற்றறிக்கை. இந்த வருமானம் எந்தத் தலைப்பில் வரும், இந்தப் பணம் வங்கி வழியாக எப்படி உள்ளே வரலாம் என்று இரண்டு அமைப்புகளும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

அண்மையில் எனக்கு ஒரு பேஅவுட் நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. இன்வாய்ஸ் கொடுத்தேன், ஒப்பந்தத்தைக் கொடுத்தேன். என்னைத் தனித்து இயங்கும் ஒப்பந்ததாரர் என்றுதான் அதில் எழுதியிருக்கிறார்கள். பர்பஸ் கோடு, அதாவது வெளிநாட்டுப் பணம் எதற்காக வருகிறது என்பதற்கான குறியீடு, என்ன என்று வங்கி கேட்டது. ஒப்பந்தத்தைப் புரட்டியவர் கண்ணில் ‘ஃபாரெக்ஸ்’ (அந்நியச் செலாவணி வணிகம்) என்ற சொல் பட்டதும் பேச்சின் தொனியே மாறிவிட்டது. திருப்பூர்க் கிளை அது. பின்னலாடை ஏற்றுமதிக்காக டாலர் வந்து விழுவது அவர்களுக்கு அன்றாட வேலை. ஆனால் என் பணத்துக்கு என்ன கோடு போடுவது என்று கிளை மேலாளருக்கும் தெரியவில்லை, அவர் கேட்டுப் பார்த்த மேலிடத்துக்கும் தெரியவில்லை. சில நாட்கள் நிறுத்தி வைத்துவிட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிட்டார்கள். அந்த மேலாளர் மீது எனக்குக் கோபம் இல்லை. தவறான கோடு போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் கையில் எழுத்தில் ஒரு வரிகூட இல்லாமல் விட்டிருப்பது நீங்கள்தான்.

பணம் திரும்பிய பிறகு நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? கிரிப்டோவாக, டாலர் மதிப்போடு கட்டப்பட்ட யுஎஸ்டிடியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. அது சில நிமிட வேலை, யாரும் கோடு கேட்கமாட்டார்கள். அந்த வழியில் போனால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். 2022 முதல் மெய்நிகர் சொத்து லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்பனைக்கு 1 சதவீத டிடிஎஸ், நஷ்டத்தைக் கழிக்க வழியில்லை. பி2பியில், அதாவது முகம் தெரியாத இன்னொருவருக்கு நேரடியாக, விற்றால், வாங்குகிறவர் அனுப்பும் ரூபாய் ஏதோ ஒரு சைபர் மோசடியிலிருந்து வந்ததாக இருந்துவிடலாம். அப்போது நம் கணக்கு முடங்கும், வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ஜிஎஸ்டியில் சேவை ஏற்றுமதி என்று காட்டவும் பணம் பொதுவாக மாற்றத்தக்க அந்நியச் செலாவணியில் வந்திருக்க வேண்டும். யுஎஸ்டிடி அந்தக் கணக்கில் சேராது. நேர்வழியில் வந்த பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, நீங்களே சந்தேகப்படும் வழியில் எங்களைத் தள்ளுவது எந்த விதத்தில் நியாயம்?

சரி, வரிக்கு வருவோம். ஒரு ஆடிட்டர் இது தொழில் வருமானம், அதற்கான ஐடிஆர்-3 ரிட்டர்ன் படிவம் போடுங்கள், சேலஞ்சு கட்டணத்தைச் செலவாகக் கழிக்கலாம் என்கிறார். இன்னொருவர் இதர வருமானத்தில் காட்டச் சொல்கிறார். கட்டணம் கட்டி, டெமோவில் ஜெயித்துப் பணம் வாங்குவதால் ஆன்லைன் விளையாட்டுப் பரிசுக்கான 30 சதவீத வரி பாயலாம் என்று எச்சரிப்பவரும் உண்டு. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் வந்த பிறகு அந்தப் பயம் இன்னும் கூடியிருக்கிறது. நான் செய்வது தொழிலா, விளையாட்டா? இதற்கு விடை தெரியாமல் ஒருவர் எப்படி நேர்மையாக ரிட்டர்ன் தாக்கல் செய்வார்?

அமெரிக்க நிறுவனங்கள் எங்களிடம் டபிள்யூ-8பென் என்று ஒரு படிவம் கேட்கின்றன. ஒரே பக்கம். பெயர், முகவரி, பான் எண், நான் அமெரிக்கன் அல்ல என்ற உறுதிமொழி, கையெழுத்து. வேலை இந்தியாவில் உட்கார்ந்து செய்வதால் அங்கே பொதுவாக வரிப் பிடித்தம் இல்லை. வரி முழுவதும் இங்கே கட்ட வேண்டியது. அந்நிய நாட்டின் வரித்துறையோடு எனக்குள்ள கணக்கு ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. என் சொந்த நாட்டுக்கு நான் கட்ட வேண்டிய வரிக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை.

ரிசர்வ் வங்கிக்கு ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் அனுமதி இல்லாத ஃபாரெக்ஸ் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டீர்கள், அப்புறம் அதை நீட்டிக்கொண்டே வருகிறீர்கள். அது தேவையானது. இந்தியர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வழி தரும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில், வெளிநாட்டு ஃபாரெக்ஸ் வணிகத்துக்கு மார்ஜின் (வணிகத்துக்கு முன்கூட்டிக் கட்டும் பிணைத்தொகை) அனுப்பக் கூடாது என்பதும் தெளிவு. ஆனால் சேலஞ்சு கட்டணம் மார்ஜினா, தேர்வுக் கட்டணமா? மார்ஜின்தான் என்றால் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவில் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் வரலாம். இவ்வளவு பெரிய தண்டனை இருக்கும் இடத்தில் இப்படி மௌனமாக இருக்கலாமா?

மௌனத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுப் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகத்தில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியே ஆய்வில் சொன்னது. அந்த நஷ்ட வியாபாரத்தின் மீதான எஸ்டிடியை (பங்குப் பரிவர்த்தனை வரி) 2024 அக்டோபர் 1 முதல் உயர்த்துவதில் தயக்கம் இருக்கவில்லை. வசூலிக்கும்போது இருக்கும் வேகம் விளக்கம் கேட்கும்போது ஏன் வருவதில்லை? என் மாதிரி சம்பாதிக்கிற பிள்ளைகள் சிறிய ஊர்களிலும் இருக்கிறார்கள். வீட்டில் காட்ட ஒரு கணக்கு வேண்டும், வீட்டுக் கடனுக்கு வருமானச் சான்று வேண்டும். அவர்களை ஒளிந்து வாழ வைக்காதீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ப்ராப் நிறுவனங்கள் எல்லாம் நல்லவை என்று நான் வாதாட வரவில்லை. கட்டணத்தை மட்டும் வாங்கி வாழும் நிறுவனங்களும் உண்டு, பேஅவுட் நேரத்தில் புது விதி கண்டுபிடிக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆராய்ந்து பார்த்து இது கூடாது என்று நீங்கள் முடிவெடுத்தால், அதையும் எழுத்தில் சொல்லுங்கள், நான் நிறுத்திவிடுகிறேன். ஆகும் என்றால் எந்த பர்பஸ் கோடு, எந்த வருமானத் தலைப்பு, கட்டணத்தை எந்த வழியில் அனுப்பலாம், இதுவரை யுஎஸ்டிடியில் வாங்கியவர்கள் எப்படிக் கணக்குக் காட்டுவது என்பதைச் சொல்லுங்கள். புதிய வருமான வரிச் சட்டத்தையே 2025-இல் எழுதி முடித்தவர்கள் நீங்கள். அடுத்த ரிட்டர்ன் காலத்துக்கு முன்பாக அந்த ஒரு சுற்றறிக்கையை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஃபண்டட் ட்ரேடர்,
திருப்பூர்