429 கோடியைத் தாளிலேயே உடைக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் கணிதப் பக்கத்தில் 4294967297 பற்றி ஒரே ஒரு வரி வந்திருந்தது. கணித மேதை ஃபெர்மா அதைப் பகா எண் என்று நம்பினார், பின்னால் வந்த இன்னொரு கணித மேதை ஆய்லர் இல்லை என்று காட்டினார், அவ்வளவுதான். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எப்படிக் காட்டினார் என்பதை விட்டுவிட்டீர்களே, சுவையே அதில்தான் இருக்கிறது! இத்தனை பெரிய எண் என்றால் கணினிதான் வேண்டும் என்று நினைத்து மாணவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பேனாவும் தாளும் போதும் என்பதை யாராவது சொல்ல வேண்டாமா?

இந்த எண் 2³² + 1. 2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், வருவதோடு 1 கூட்டினால் கிடைக்கும் இதே வரிசையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள், அதனால் அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பியதில் வியப்பில்லை. 1732இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிரித்துவிட்டார்.

வர்க்கமூலம் வரை ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தால் 6542 எண்கள் இருக்கின்றன, ஆயுசு போதாது. ஆனால் இதற்குப் பகாக் காரணி இருந்தால் அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும் என்று ஆய்லர் பின்னாளில் நிறுவினார், அதுவும் ஃபெர்மாவின் சொந்தத் தேற்றத்தையே அடிப்படையாக வைத்து. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை!

வகுக்காமலும் காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1. அதனால் 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸க்கு மீதி 1. சரி, அதே 641தான் 5⁴ + 2⁴ஆகவும் இருக்கிறது (625 + 16), எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். இப்போது −2³²க்கு மீதி 1 என்று ஆகிறது, அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடுகிறது. நாலே வரி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று. இந்த எண் 65536² + 1² என்பது பார்த்தாலே தெரியும், ஆனால் 62264² + 20449² என்றாலும் இதே எண்தான் வருகிறது, பெருக்கிப் பாருங்கள். ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதவே முடியாது. ஆக, 641 என்ற பெயரையே எடுக்காமல் இது பகா எண் அல்ல என்று முடித்துவிடலாம்.

அடுத்த இதழில் அரைப் பக்கமாவது ஒதுக்கி அந்த நாலு வரியை அச்சிடுங்கள். 65537க்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இன்றுவரை கிடைக்கவில்லை, இனிமேல் உண்டா என்பதும் யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்