அந்த ஃபெண்டரை ஒரு எட்டு பார்த்துவிட்டு வா

அன்புள்ள மாப்ளே,

உன் மடலுக்கு மூன்று வாரமாகப் பதில் போடவில்லை என்று திட்டாதே, சனி ஞாயிறு முழுக்க கராஜிலேயே போய்விடுகிறது. முட்டி ஆபரேஷன் முடிந்து நீ கோல் இல்லாமல் நடக்கிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னது. நல்லது, உனக்கு ஒரு வேலை இருக்கிறது.

நான் வாங்கிய 1969 செவர்லே கமாரோ கார் நினைவிருக்கிறதா? ஒரிஜினல் இன்ஜின் என்று சத்தியம் பண்ணித்தான் விற்றான். கார் ஒஹையோவில் நார்வுட் ஆலையில் செய்தது, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகட்டில் 03சி என்று போட்டிருக்கிறது, அதாவது மார்ச் மூன்றாம் வாரம். போன மாதம் இன்ஜினை இறக்கி, இன்ஜினின் உடம்பான பிளாக்கின் பின்பக்கம் இருந்த அழுக்கைச் சுரண்டிப் பார்த்தால், வார்த்த தேதி எச்-சில் ஆரம்பிக்கிறது. ஏ ஜனவரி என்றால் எச் ஆகஸ்ட். மகன் பிறந்து ஐந்து மாதம் கழித்து அப்பன் பிறந்த கதை! போகட்டும், ஓட்டத்தானே வாங்கினேன். இன்ஜின் வேலை முடிந்தது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் புதிது, அதை முதல் 20 நிமிடம் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கு மேலேயே ஓட்டவேண்டும், இப்போது கடையில் கிடைக்கும் ஆயிலில் துத்தநாகம் குறைவு என்பதால் அதற்குத் தனி ஆயில் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

என்னை அழவைப்பது தகரம்தான். இங்கே மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்களா, காரின் அடிப்பாகம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. டிக்கி தரை, பின் சக்கரத்துக்கு மேலே, எல்லாம் வெட்டி ஒட்டியாயிற்று. முன் சக்கரத்தை மூடும் தகரமான ஃபெண்டரில் இடது பக்கத்துக்கு மட்டும் சோம்பல்பட்டு ரெப்ரோ, அதாவது பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்த நகல், ஒன்று தபாலில் வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்தபோது பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. மாட்டிப் பார்த்தால் கதவுக்கும் அதற்கும் நடுவில் மேலே விரல் நுழைகிறது, கீழே சீட்டுக்கட்டுச் சீட்டுகூட நுழையவில்லை. 1969 மாடலுக்கே அழகு சக்கர வளைவிலிருந்து பின்னால் ஓடும் அந்தக் கூரான மடிப்புதானே, அது மழுங்கிப்போய்ச் சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறது. போல்ட் துளைகளை ராவி, ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை வைத்து, இரண்டு வார இறுதிகள் மல்லாடினேன். பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே மாட்டிப் பார்த்தேனே, அந்த மட்டும் புத்தி இருந்தது. எல்லா ரெப்ரோவும் மோசம் என்று சொல்லமாட்டேன், ரப்பர் பீடிங், கார்ப்பெட் எல்லாம் புதிதுதான் போட்டேன், குறையில்லை. ஆனால் வளைவு உள்ள தகரத்துக்கு காரைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸின் பழைய அச்சில் விழுந்த பாகம்தான் உட்காருகிறது, கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை.

அதனால்தான் உன் ஊர்! அந்தப் பாலைவன வெயிலில் டேஷ்போர்டு வெடிக்கும், சீட் பொடியாகும், தகரம் மட்டும் ஐம்பது வருடம் ஆனாலும் அப்படியே கிடக்கும். ஃபீனிக்ஸில் உன் வீட்டிலிருந்து அரை மணி நேர தூரத்தில் ஒரு காயலான் கடையில் இடது ஃபெண்டர் கிடக்கிறதாம், கடைக்காரன் போட்டோ அனுப்பியிருக்கிறான். போட்டோவில் எல்லாமே அழகிதான். நீ நேரில் போ. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள், ஃபெண்டர் மேல் மெதுவாக ஓட்டு, எங்கே பிடிக்காமல் வழுக்குகிறதோ அங்கே பட்டி கனமாகப் பூசியிருக்கிறான் என்று அர்த்தம். அப்புறம் சக்கரத்துக்குப் பின்னால் கீழ் மூலையில் உள்பக்கம் கையை விட்டுத் தடவு, இலையும் மண்ணும் சேர்ந்து முதலில் அரிப்பது அங்கேதான். கையுறை போட்டுக்கொள், தேள் இருக்கும் ஊர்.

விலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. பர்மா பஜாரில் நீ பேரம் பேசி வாங்கிய டேப் ரெக்கார்டரை நான் இன்னும் மறக்கவில்லை.

உன் பழைய ரூம்மேட்