பாலும் பலமான ஆகாரமும்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு, அம்மா எழுதுவது.

உன் பிரசங்கம் சிறுபிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பள்ளிப் பாடம் போலிருக்கிறதென்று, போதகனாகிய உன் பொறுப்பிலுள்ள சேகரத்தின் கமிட்டிப் பெரியவர் ஒருவரும், ஒன்றுமே விளங்கவில்லையென்று புதிதாக ஞானஸ்நானம் பெற்ற பெண்ணொருத்தியும் ஒரே ஞாயிறன்று சொன்னதாக எழுதியிருந்தாய். இருவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

நீ சுட்டிக்காட்டிய, வேதாகமத்தின் எபிரெயர் நிருபம் 5ஆம் அதிகாரத்தை நானும் எடுத்துப் படித்தேன். அங்கே பால் என்பது விசுவாசத்தின் தொடக்கப் பாடம், பலமான ஆகாரம் என்பது முதிர்ந்தவர்களுக்கான போதனை. பலமான ஆகாரத்துக்குத் தகுதியில்லாமல் பாலுக்குத் திரும்பியவர்கள் என்று அங்கே கடிந்துகொள்ளப்படுகிறவர்கள் புதியவர்கள் அல்லர். காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்கவேண்டியவர்கள். ஆகவே, கோவிலில் ஒருவர் உட்கார்ந்திருந்த ஆண்டுகளை அவருடைய விசுவாசத்தின் அளவாக எண்ணிவிடாதே. அந்தப் பெரியவரையுந்தான் சொல்கிறேன், ஆனால் இதை அவரிடம் சொல்லிவிடாதே. பேதுருவோ அந்தப் பாலையே களங்கமில்லாத ஞானப்பால் என்று சொல்லி, அதன்மேல் வாஞ்சையாயிருக்கச் சொல்கிறார். பால் கொடுப்பது இழிவான வேலையன்று.

நான் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில் செய்த தவறு ஒன்று இன்றும் என்னை உறுத்துகிறது. பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் பிழையின்றி ஒப்புவித்து, தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டு உறுதிசெய்யும் திடப்படுத்தல் பெற்றுப் போன மாணவன் ஒருவன், பல ஆண்டுகள் கழித்துத் தன் குழந்தையைப் பறிகொடுத்த துக்கத்தோடு என்னிடம் வந்து, இவ்வளவு ஜெபித்தும் ஏன் இப்படியாயிற்று என்று கேட்டான். நான் அவனுக்குப் பன்னிரண்டு வயதில் சொல்லிக்கொடுத்த அதே வசனத்தையே மறுபடியும் சொல்லி அனுப்பினேன். அவன் வளர்ந்திருந்தான், என் பாடம் வளரவில்லை. திடப்படுத்தல் ஆராதனையோடு வகுப்பை மூடிவிட்டு, அதற்குப் பிந்திய ஐம்பது ஆண்டுகளையும் ஞாயிறு பிரசங்கத்தின் இருபது நிமிடத்திடம் ஒப்படைத்துவிடுகிறோம், அது தாங்காது.

அந்தப் பெண்ணின் குறைக்கு மருந்து எளிது. "உங்களுக்கெல்லாம் தெரிந்த யாக்கோபின் சரித்திரம்" என்று நீ தொடங்கும்போதே, தெரியாதவளுக்குக் கதவு சாத்தப்படுகிறது. யாக்கோபு யாரென்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பேசு. வேதாகமத்தில் ஆபகூக் என்னும் சிறு புத்தகத்தைத் தேடி அவள் தடுமாறும்போது பக்க எண்ணையும் சேர்த்துச் சொல். தெரிந்தவர்களுக்கு அதனால் நஷ்டமில்லை.

சொன்னதையே சொல்லிச் சலிப்பாயிருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். ஏறத்தாழ 400ஆம் ஆண்டில், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் புதியவர்களுக்குப் போதித்துவந்த உதவிக்குருவான தேயோகிராத்தியாஸ் இதே சலிப்பைத்தான் ஹிப்போ நகரத்துப் பேராயர் அகுஸ்தீனிடம் முறையிட்டார். பார்த்துப் பழகிய ஊரை விருந்தாளிக்குச் சுற்றிக்காட்டும்போது அவருடைய மகிழ்ச்சியால் நமக்கும் அது புதிதாகிறதல்லவா என்று அகுஸ்தீன் பதிலெழுதினார். படித்தவர்கள் கேட்க வந்தால் அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று முதலில் விசாரிக்கவும், நின்று களைத்தவருக்கு உட்கார இடம் கொடுக்கவும்கூட அதிலே சொல்லியிருக்கிறார். அந்த நாற்காலி யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனாலும் சபையைப் படிவாரியாகப் பிரித்துத் தனித்தனி அறைகளில் வைத்துவிடாதே. யோவான் தம் முதலாம் நிருபத்தில் பிள்ளைகளையும் வாலிபரையும் பிதாக்களையும் வெவ்வேறு சொல்லால் அழைக்கிறார், ஆனால் எல்லாரும் கேட்கும்படி ஒரே கடிதத்தில் எழுதுகிறார். வாரநாளில் தனி வகுப்பு நடத்து. ஞாயிறன்று அந்தப் பெரியவரின் பக்கத்திலேயே அந்தப் பெண் உட்காரட்டும், அவளுக்கு ஆபகூக்கைத் தேடிக்கொடுக்கும் வேலையை அவரிடமே கொடு.

திடப்படுத்தல் பெற்றுப் பத்தாண்டு கடந்தவர்களுக்கென்று உன் சேகரத்தில் இப்போது என்ன வகுப்பு நடக்கிறது? அடுத்த கடிதத்தில் அதை எழுது.

அன்புடன்,
அம்மா