அந்த 120 கிராம் பாக்கெட்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், களையெடுக்க ஆள் வந்துவிட்டது. அப்புறம் நாலு நாள் மழை. இன்றைக்குத்தான் கை ஒழிந்தது. மூட்டுவலி எனக்கும் இருக்கிறது. அதை இரண்டு கிழவர்கள் எழுதி எழுதித் தீர்த்துவிட முடியாது, விடு. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். வீட்டில் அதைப் படித்துக் காட்டினேன், உன் தங்கச்சிக்கு ஏக சந்தோஷம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ‘கமலா’ என்று ஏதோ நெல் வந்திருக்கிறதாம், மரபணுவில் கை வைத்ததாம், மகள் இனி ஆந்திரா பொன்னியே வாங்க மாட்டேன் என்கிறாள், காட்டில் கிடக்கிற நீ சொல் என்றிருந்தாய். அவளிடம் சொல்: ஆந்திரா பொன்னி என்று நாம் சாப்பிடுவது பி.பி.டி. 5204. கமலா அதிலிருந்து உண்டாக்கிய வேறு ரகம், ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. 2025 மே மாதம்தான் அறிவித்தார்கள். இரண்டும் ஒன்றில்லை. மீதியைக் கடைசியில் சொல்கிறேன். பருத்தியைச் சொல்லாமல் நெல்லுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

பி.டி. பருத்தி நான் முதலில் போட்டது 2005 புரட்டாசியில். மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் வைத்திருக்கிறார்கள், காய்ப்புழு கடித்தால் செத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார். 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல். வீட்டில் கம்மலை வைத்துத்தான் வாங்கினேன். பிரித்தால் உள்ளே தனியாக ஒரு குட்டிப் பாக்கெட், 120 கிராம். பி.டி. இல்லாத சாதாரண விதை. கூடவே மடித்த ஒரு காகிதம், அதில் எறும்பு எறும்பாக எழுத்து. காட்டைச் சுற்றி ஐந்து வரிசை இந்த விதையை ஊன்ற வேண்டும், அல்லது ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில் போட வேண்டும் என்று.

நான் என்ன செய்திருப்பேன் என்கிறாய்? அவ்வளவு பணம் கொடுத்துப் புழு வராத விதை வாங்கிவிட்டு, புழுவுக்கென்று ஐந்து வரிசை விடுவேனா? குட்டிப் பாக்கெட்டைத் தாழ்வாரத்து இறவாணத்தில் செருகினேன். ஊரில் நான் ஒருவன்தான் செருகி வைத்தவன், மற்றவர்கள் வரப்பிலேயே வீசிவிட்டார்கள். அதை ஊன்றினாயா என்று கேட்டு இன்றுவரை ஒரு ஆள் என் காட்டுக்கு வந்ததில்லை.

அது எதற்கு என்று வெகுகாலம் கழித்து, ஓய்வுபெற்ற பூச்சியியல் வாத்தியார் ஒருவர் சொல்லித்தான் விளங்கிற்று. ஆயிரத்தில் லட்சத்தில் ஒரு புழு பி.டி.யைத் தின்றும் சாகாது. அது அந்துப்பூச்சியாகி இன்னொரு சாகாத பூச்சியோடு சேர்ந்தால் குஞ்சு குளுவான் எல்லாம் சாகாவரம் வாங்கிவிடும். ஓரத்தில் சாதாரணச் செடி இருந்தால் அங்கே சாதாரணப் புழு ஏராளமாகப் பிழைக்கும், சாகாத ஒன்று அவற்றோடுதான் சேரும், அதன் வாரிசு பி.டி. காயைத் தின்று செத்துப்போகும். புழுவின் புத்தியை மழுங்கடித்தே வைத்திருக்க நாம் கட்டும் வரி அந்த ஐந்து வரிசை. நாங்கள் யாரும் கட்டவில்லை.

பச்சைக் காய்ப்புழு துவரை, கடலை, தக்காளி என்று எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அப்படியில்லை, பருத்தியை விட்டால் கதியில்லை. காடு பூராவும் பி.டி., ஓரத்திலும் பி.டி. என்றால் அதற்கு இரண்டே வழி, சாவது அல்லது பழகிக்கொள்வது. பழகிக்கொண்டது. 2010இல் குஜராத்தில் முதல் பி.டி.க்கு அடங்காத புழு வந்துவிட்டதாக, அதை உண்டாக்கிய மான்சாண்டோ கம்பெனியே ஒத்துக்கொண்டது. பாக்டீரியா மரபணு ஒன்றுக்கு இரண்டாக வைத்து 2006இல் வந்த விதையும் இன்னொரு பத்து வருஷத்துக்குள் அதனிடம் தோற்றது. அமெரிக்காவில் இதே புழுவை 2018இல் ஒழித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். பி.டி. மட்டும் வைத்து இல்லை, மலட்டுப் பூச்சிகளைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, பயிர் முடிந்ததும் பருத்தி மாரை, அதாவது மிச்சம் நிற்கிற செடியை அழித்து, வருஷக்கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

என் காட்டில் வந்தபோது நான் கவனிக்கவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் காய் நன்றாகத்தான் இருக்கும். மாசியில் ஒரு காயைப் பிளந்து பார்த்தேன். நாலு சுளையில் இரண்டு மஞ்சள் பாரித்து ஒட்டிக் கிடந்தது, விதையைக் குடைந்துகொண்டு ரோஸ் நிறத்தில் அது சொகுசாகப் படுத்திருந்தது. அந்த வருஷம் ஏலத்துக்குக் கொண்டுபோனதில் பாதிக்கு மேல் கறை பிடித்த கொட்டுப் பருத்தி. விலையைச் சொன்னால் நீ வருத்தப்படுவாய்.

இவ்வளவும் சொல்வது ஒன்றுக்காகத்தான். மரபணுப் பயிருக்குச் சட்டமே இல்லையென்று சிலர், சட்டத்தாலேயே எல்லாம் முடங்கிக் கிடக்கிறது என்று சிலர் பேசுகிறார்கள். சட்டம் 1986ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் சட்டம், அதன்கீழ் 1989இல் விதிகள். ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் ஒரு குழு, உயிரித் தொழில்நுட்பத் துறையில் ஒரு குழு, எல்லாவற்றுக்கும் மேலே சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் ஒரு குழு. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். விதை கடைக்கு வருகிற வரை ஆயிரம் கேள்வி. வந்த பிறகு இறவாணத்துப் பாக்கெட்டைப் பற்றிக் கேட்க நாதியில்லை. என் சண்டை அந்த இரண்டாம் பாதியோடுதான்.

முதல் பாதியும் அவ்வளவு யோக்கியமில்லை. 2001இல் குஜராத்தில் காய்ப்புழு வெளுத்து வாங்கியபோது, ஊரெல்லாம் அழிந்தும் சில காடுகள் மட்டும் பச்சையாக நின்றன. பார்த்தால் அனுமதி இல்லாத பி.டி. விதை, 10,000 ஹெக்டேர் அளவுக்கு. பிடுங்கி எரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. விளைந்து நிற்கிற பருத்தியை எவன் எரிப்பான்? 2002 மார்ச் 26ஆம் தேதி மூன்று ரகங்களுக்கு அனுமதி வந்தது. காடு முந்திக்கொண்டது, காகிதம் பின்னால் வந்தது என்றுதான் நான் சொல்வேன். 2019இல் மகாராஷ்டிரத்தில் அகோட் பக்கம் விவசாயிகள் கூட்டமாகக் கூடி, களைக்கொல்லி தாங்கும் அனுமதியற்ற பருத்தியைப் பகிரங்கமாகவே விதைத்தார்கள்.

பி.டி. கத்தரிக்காய் கதை உனக்குத் தெரிந்திருக்கும். நம் கோயம்புத்தூர் பல்கலைக்கழகமும் அதில் இருந்தது, கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 என்று நம்மூர் ரகங்களிலேயே பி.டி. ஏற்றினார்கள். 2009 அக்டோபரில் அமைச்சகத்தின் அந்த மேல் குழு சரி என்றது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் மக்களைக் கூட்டிக் கேட்டுவிட்டு (சென்னை அதில் இல்லை, அது எனக்கு இன்னும் குறை) 2010 பிப்ரவரி 9ஆம் தேதி நிறுத்தி வைத்தார். அந்த வருஷமே அந்த மேல் குழுவின் பெயரில் இருந்த ‘ஒப்புதல்’ போய் ‘மதிப்பீடு’ வந்தது. நிறுத்தியதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், நாம் சமைத்துத் தின்கிற காய். ஆனால் நிறுத்தியதோடு பார்ப்பதையும் நிறுத்திவிட்டோம். வங்கதேசத்தில் 2014இலேயே விதைத்தார்கள். 2019இல் ஹரியானா ஃபதேஹாபாத்தில் ஒரு தோட்டத்தில் பி.டி. கத்தரி காய்த்து நின்றது. மரபணு மாற்றிய கடுகுக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு தீர்ப்பு சொன்னார்கள். ஒரு தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

சரி, கமலா. அதில் பாக்டீரியா மரபணு, வேற்று மரபணு எதுவும் இல்லை. நெல்லிலேயே இருக்கிற ஒரு மரபணுவைத் திருத்தி, கதிரில் மணி கூடும்படி செய்திருக்கிறார்கள். 19 சதவீதம் கூடுதல் மகசூல், 20 நாள் முன்னால் அறுவடை என்று அரசு சொல்கிறது. இந்த மாதிரித் திருத்தத்துக்கு 1989 விதிகளில் 7 முதல் 11 வரை பொருந்தாது என்று 2022 மார்ச்சில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். வேற்று மரபணு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று நிறுவனத்துக்குள் உள்ள குழு பார்த்துச் சொன்னால் போதும், மேல் குழுவுக்குப் போக வேண்டாம். சோறாகத் தின்ன எனக்குப் பயமில்லை. இயற்கையிலும் நடக்கக்கூடிய மாற்றம்தான். ஆனால் செய்தவர்களின் வீட்டுக்குள்ளேயே சரிபார்ப்பு என்பது மட்டும் இடிக்கிறது. பத்து வருஷம் கழித்து அந்த நெல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆள் வைப்பார்களா என்றால், என் இறவாணத்தைப் பார்த்துவிட்டு நீயே சொல்.

இப்போதெல்லாம் குட்டிப் பாக்கெட் கிடையாது. நாங்கள் வீசி எறிந்தே பழகிவிட்டோம் என்று சாதாரண விதையையும் பி.டி.யோடு கலந்து ஒரே பையில் போட்டுத் தருகிறார்கள். பிரித்தெடுக்க முடியாது. எங்களை நம்பாமல் செய்த ஏற்பாடு, அதனாலேயே நல்ல ஏற்பாடு.

இந்தத் தடவை ஒன்றரை ஏக்கர்தான் பருத்தி, மீதி மக்காச்சோளம். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி நாலு கட்டியிருக்கிறேன். காலையில் காபி குடித்ததும் போய்ப் பையை உதறி எண்ணுவது என் வேலை. பொறிக்கு எட்டு அந்து, மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் மருந்தடிக்க வேண்டும். முந்தாநாள் மூன்று, நேற்று ஆறு, இன்றைக்கு ஏழு. பொங்கலுக்கு நீ வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, எண்ணுகிற வேலையை உன்னிடம் கொடுத்துவிட்டு நான் கொஞ்சம் தூங்குவேன்.

அன்புடன்,
ராசு