பந்தைக் கொடுக்கத் தெரிந்தவன்

உவர்மலை,
திருகோணமலை.
08.06.2025

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். மகள் பட்டம் வாங்கிய படம் கிடைத்தது, வீடு முழுக்கக் காட்டினேன். அந்த நெற்றியும் சிரிப்பும் அப்படியே உன் அம்மாதான். அவ இருந்திருந்தால் அன்றைக்கே கோணேசர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்திருப்பா. அவவுக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை என் மனைவி போய்ச் செய்துவிட்டு வந்தாள். விபூதியை எடுத்து வைத்திருக்கிறோம்.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பத்து மணிக்குப் பிறகு வெளியே தலை காட்ட முடியவில்லை. கோட்டைப் பக்கத்து மான்கள்கூட மதில் நிழலை விட்டு அசைவதில்லை. வீட்டுக் கூரை வேலை ஒருவாறு முடிந்தது. தம்பிக்கு மூதூருக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது. இவ்வளவுதான் புதினம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் மினசோட்டா டிம்பர்வூல்வ்ஸ் தோற்ற அன்று நீ ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். "உன்ரை கொன்லி முடிஞ்சான், எட்டுப் பொயின்ட் அடிக்கிறவனுக்கு இன்னும் என்ன இடம்?" என்று. வேறு யாராவது கேட்டிருந்தால் விட்டிருப்பேன். நீ கேட்டதுதான் மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது. போனில் இரண்டு வரி தட்டி அனுப்ப மனம் வரவில்லை, ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

மினசோட்டா ஓக்லஹோமா சிட்டியிடம் 4-1 என்று தோற்றது உண்மை. அந்த அணிக்குப் பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கிற மைக் கொன்லிக்கு 37 வயதாகிவிட்டதும் உண்மை. இந்த சீசனில் அவன் சராசரி எட்டுப் புள்ளிதான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் புள்ளிக் கணக்கை வைத்துக் கொன்லியை அளப்பது, சோற்றை மட்டும் பார்த்துவிட்டுச் சமைத்தவளை எடைபோடுவது மாதிரி. அடுப்படியில் நடந்தது எதுவும் அதில் தெரியாது.

போன வருஷம் டென்வருடன் நடந்த தொடரை நீயும் பார்த்தாய்தானே. ஐந்தாவது ஆட்டத்தில் கொன்லி குதிகால் நரம்பு வலியால் இறங்கவில்லை. அன்றைக்கு டென்வரின் யோகிச் 40 புள்ளி அடித்து, 13 அசிஸ்ட் (மற்றவன் புள்ளி அடிக்கக் கொடுக்கிற பாஸ்) கொடுத்து, ஒரு தடவைகூடப் பந்தைப் பறிகொடுக்காமல் விளையாடினான். அப்படி ஆடுகிறவனைக் கொன்லி இருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்றப் பக்கத்தைப் பார். மினசோட்டாவின் அந்தனி எட்வர்ட்ஸ் பந்தைக் கொண்டுவரும்போதே இரண்டு பேர் போய் அவனை மறித்தார்கள். அவன் கையிலிருந்து பந்தை வாங்கி மற்றப் பக்கம் திருப்பிவிட நிதானமான ஆள் ஒருவரும் இல்லை. 112-97 என்று தோற்றார்கள். அடுத்த ஆட்டத்துக்குக் கொன்லி திரும்பி வந்தான். 115-70! நாற்பத்தைந்து புள்ளி வித்தியாசம். நமக்கு இங்கே விடிகிற நேரம், பாண்காரனின் சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசல்படியில் இருந்தேன். ஏழாவது ஆட்டத்தில் 20 புள்ளி பின்னால் நின்று 98-90 என்று வென்றதையும் அதே படியில் இருந்துதான் பார்த்தேன். அந்த அணி மேற்குப் பிரிவு இறுதிக்குப் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது, கடைசியாகப் போனது 2004இல்.

அந்த சீசனில் அவனுக்கு ஆட்டத்துக்கு ஆறு அசிஸ்ட் அளவில் வந்தது, பறிகொடுத்தது ஒன்று சொச்சம். மூன்று புள்ளி எறிகளில் நூற்றுக்கு 45க்கும் மேல் உள்ளே போட்டான். 36 வயதில்! இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது ரூடி கோபேர் விஷயம். கோபேர் மினசோட்டாவுக்கு வந்த முதல் பாதி சீசன் முழுக்க, அவ்வளவு உயரமான ஆளுக்கு எங்கே, எப்போது பந்து போட வேண்டும் என்று அங்கே யாருக்கும் பிடிபடவில்லை. 2023 பெப்ரவரியில் கொன்லி வந்தான். இரண்டு பேரும் முன்பு யூட்டா அணியில் ஒன்றாக விளையாடியவர்கள். கோபேர் ஸ்க்ரீன் வைத்துவிட்டு, அதாவது கொன்லியைத் தடுக்கிறவனின் வழியை மறித்து நின்றுவிட்டு, வளையத்துக்குத் திரும்பும்போது கொன்லி உடனே பந்தை விடமாட்டான். எதிர் அணிக்காரனைத் தன் முதுகுக்குப் பின்னால் அப்படியே பிடித்து வைத்திருப்பான், கோபேரின் இரண்டாவது அடி நிலத்தில் விழும்வரை. அதற்குப் பிறகுதான் பந்து மேலே போகும். அரை வினாடிதான். அந்த அரை வினாடியை எந்தப் புள்ளிப்பட்டியலிலும் எழுதமாட்டார்கள்.

அவன் கிட்டே வந்து உயரமாகத் தூக்கிப் போடுகிற ஃப்ளோட்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொன்லி இடது கையால் எறிகிறவன், உனக்குத் தெரியும். ஆனால் உள்ளே நுழைந்து பெரிய ஆளின் கைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போடும்போது வலது கையைப் பாவிப்பான். பூப் போட்ட மாதிரிப் போய் விழும். ஏனென்றால் அவன் இயல்பிலே வலக்கைக்காரன், எறிவது மட்டும்தான் இடது கையால். தடுக்கிறவன் எந்தக் கையை மறிப்பது என்று யோசிக்கும் முன்னே பந்து போய்விடும். திறந்தவெளிக் கோர்ட்டில் கச்சான் காற்றுக்குள் விளையாடிய நமக்கு, தூரத்திலிருந்து எறிகிற பந்து எப்படி விலகும், கிட்டே வந்து உயரமாகப் போடுகிற பந்துக்கு எவ்வளவு கணக்கு வேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

காற்று என்றதும் அவனுடைய அப்பாவின் கதை நினைவுக்கு வருகிறது. மைக் கொன்லி சீனியர் முப்பாய்ச்சல் வீரர். ஒலிம்பிக்கில் 1984இல் லொஸ் ஏஞ்சலிஸில் வெள்ளி, 1992இல் பார்சிலோனாவில் தங்கம். பார்சிலோனாவில் 18.17 மீட்டர் பாய்ந்தார். அன்றைய உலக சாதனை 17.97. ஆனால் பின்காற்று வினாடிக்கு 2.1 மீட்டர், விதி 2.0 வரைதான் விடும். அந்த 0.1 ஆல் சாதனைப் புத்தகத்தில் அது ஏறவில்லை. பதக்கம் கையில், சாதனை காற்றோடு. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பெயர் வராததைத் தாங்கும் பக்குவம் சின்னதிலேயே வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே வெளிச்சம் பக்கத்தில் நின்றவன் மேல்தான் விழுந்தது. இண்டியானாபொலிஸ் பள்ளியிலும் ஓஹியோ ஸ்டேட்டிலும் அவன் பக்கத்தில் கிரெக் ஓடன். 2007இல் என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தெரிவு செய்தபோது ஓடன் முதலாவது, இவன் நான்காவது. மெம்பிஸ் அணியில் 12 சீசன் விளையாடினான். அங்கே பேர் எல்லாம் ஸாக் ராண்டொல்ப், மார்க் கஸோல், டொனி அலன் என்று போனது. 2011இல் எட்டாவது இடத்திலிருந்து வந்து முதலிடத்து சான் அன்டோனியோவை விழுத்தியபோது பந்தைக் கொண்டுபோனவன் யார்? அப்போது அவனுக்கு 23 வயது. 2016இல் ஐந்து வருஷத்துக்கு 153 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கிடைத்தது, அந்த நேரம் என்பிஏ வரலாற்றிலேயே பெரியது. ஒவ்வொரு வருஷமும் நட்சத்திர வீரர்களைத் தெரிந்து நடத்துகிற ஓல் ஸ்டார் ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவனுக்கா என்று எத்தனை பேர் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் 2015ஐ மறந்துவிட்டார்கள். போர்ட்லண்டுடன் விளையாடும்போது முழங்கை பட்டு முகத்தெலும்பு உடைந்தது. சத்திரசிகிச்சை செய்து எட்டாம் நாள், கண் சிவந்து வீங்கியபடி முகமூடியோடு கோல்டன் ஸ்டேட் மண்ணில் இறங்கினான். அந்த வருஷம் 67 ஆட்டம் வென்று கிண்ணமும் எடுத்த அணி அது. 22 புள்ளி அடித்தான், மெம்பிஸ் 97-90 என்று வென்றது. நான் அவனுக்கு ரசிகனானது அன்றைக்குத்தான்.

உனக்குக் கஸோல் மேல் தனி அன்பு, அது நியாயம். 2019இல் உங்கள் ரொறொன்ரோவுக்கு வந்து சில மாதத்திலேயே கிண்ணம் தூக்கினான். அதே வருஷம் கொன்லியையும் மெம்பிஸ் அனுப்பிவிட்டது. அவனுக்கு அந்தப் பாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. 2021இல், பதினான்காவது சீசனில், டெவின் புக்கர் காயப்பட்டதால்தான் முதல் ஓல் ஸ்டார் அழைப்பே வந்தது. மூன்று புள்ளிப் போட்டியிலும் புக்கருடைய இடத்தில் நின்று இறுதிச் சுற்றில் 27 அடித்தான். ஸ்டெஃபன் கறி 28 அடித்து வென்றான். அதற்கும் அவன் முகம் கோணவில்லை.

விளையாட்டுப் பண்புக்கான விருதை 2014, 2016, 2019 என்று மூன்று தடவை வாங்கினான். சிறந்த சக வீரர் விருது 2019இலும் 2024இலும். இந்த இரண்டையும் தெரிவு செய்கிறவர்கள் கூட விளையாடுகிற வீரர்கள்தான். கூட ஓடுகிறவனுக்குத் தெரியாதா மச்சான், தனக்குப் பந்து யாரால் வருகிறது என்று?

இதை எழுதும்போது நம் கோர்ட்டுதான் கண்ணுக்குள் நிற்கிறது. நமக்குப் பந்து பழக்கிய மாஸ்டர் அடிக்கடி ஹெபேர்ட் பாதிரியாரைப் பற்றிச் சொல்லுவாரே. அமெரிக்காவிலிருந்து வந்து மட்டக்களப்பில் தலைமுறை தலைமுறையாகப் பெடியன்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தவர், 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில் காணாமல் போனார். மாஸ்டர் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிட்டுப் பந்தை எடுத்து நம் கையில் தந்துவிடுவார்.

மட்டக்களப்பில் நாம் ஒரு புள்ளி பின்னால் நின்ற ஆட்டம் நினைவிருக்கிறதா? கடைசிப் பந்து உன் கையில். வெளியே நின்ற எல்லோரும் "எறி, எறி" என்று கத்தினார்கள். உனக்கு முன்னால் ஆளும் இல்லை. ஆனால் உன் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். நீ எறியவில்லை. நான் இடது பக்கமாகத் திரும்பும்வரை நின்றாய், மிச்சம் எத்தனை வினாடி என்றுகூடப் பார்க்கவில்லை. பந்து என் நெஞ்சுக்கு நேரே வந்தது. நான் செய்தது அதை மேலே தள்ளியது மட்டும்தான். மாலை என் கழுத்தில் விழுந்தது, பஸ்ஸில் வரும்போது என் பேரைச் சொல்லித்தான் பாட்டுப் பாடினார்கள். நீ பின் இருக்கையில் கையைத் துவாயில் சுற்றிக்கொண்டு தூங்கிவிட்டாய். நான் அன்றைக்கு உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷமாக அது மனதில் இருக்கிறது. கொன்லி அந்த அரை வினாடி காத்து நிற்பதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் உன் முகம்தான் தெரிகிறது. அதனால்தான் நீயே அவனை முடிந்தான் என்று எழுதியது பொறுக்கவில்லை.

இப்போது பின்னேரங்களில் பதினைந்து பெடியன்கள் என்னிடம் வருகிறார்கள். அதில் ஒருவன் கட்டை, பதின்மூன்று வயது, கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் வருகிறான். எல்லோரும் கறி மாதிரித் தூரத்திலிருந்து எறியப் பார்க்கும்போது இவன் மட்டும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்ப்பான். மற்றவர்கள் எரிச்சல்படுகிறார்கள். நான் கொன்லியின் ஆட்டங்களைப் போனில் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் நீ நேரில் சொல்லிக் கொடுப்பது வேறு. ஆடி அமாவாசைக்கு வருவதாகச் சொன்னாய்தானே, இரண்டு பின்னேரம் அவனுக்காக ஒதுக்கி வை.

வரும்போது நல்ல வலை இரண்டு சோடி கொண்டு வா. இங்கே போடுகிறதெல்லாம் உப்புக் காற்றில் மூன்று மாதத்துக்குள் அறுந்து விழுகிறது. பந்து உள்ளே விழுகிற சத்தம் இல்லாமல் பெடியன்களுக்கு ஆசை வருவதில்லை.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் பாஸுக்காக இடது பக்கம் ஓடிவந்தவன்